ஹாட் டப் தண்ணீர்: கண்ணுக்குத் தெளிவாக இருந்தால் போதாது

ஒரு சின்னக் கணக்கில் ஆரம்பிப்போம். 1500 லிட்டர் பிடிக்கும் ஹாட் டப்பில், அதாவது பலர் சேர்ந்து உட்கார்ந்து ஊறும் வெந்நீர்த் தொட்டியில், நான்கு பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு 375 லிட்டர் தண்ணீர். 50,000 லிட்டர் நீச்சல் குளத்தில் அதே நெருக்கடி வர வேண்டுமென்றால் 133 பேர் ஒரே நேரத்தில் இறங்க வேண்டும். அதிலும் குளத்துத் தண்ணீர் குளிர்ந்து கிடக்கும். இங்கே 38, 39 டிகிரி. உட்கார்ந்த இடத்திலேயே வியர்க்கும், வியர்ப்பதே தெரியாது. அந்த வியர்வை, உடம்பில் பூசிய எண்ணெய், தலைமுடியில் மிஞ்சிய ஷாம்பு, துணியில் தங்கிய சோப்பு எல்லாம் அந்தக் கொஞ்சம் தண்ணீருக்குள்தான். நீச்சல் குளம் பராமரித்துப் பழகியவர்கள்கூட ஹாட் டப்பில் முதல் மாதமே தடுமாறுவது இதனால்தான். குளத்தில் ஒரு வாரத்தில் நடப்பது இங்கே ஒரே ராத்திரியில் நடந்துவிடும்.

இன்னொன்று. தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது, அதனால் சுத்தம் என்று நினைக்காதீர்கள். 1999இல் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் ஊரில் ஒரு மலர்க் கண்காட்சி நடந்தது. அங்கே காட்சிக்கு வைத்து ஓட விட்டிருந்த சுழல்நீர்த் தொட்டியிலிருந்து நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி பரவி 32 பேர் இறந்தார்கள். தொட்டியில் இறங்கியவர்கள் அல்ல அவர்கள். பக்கத்தில் நடந்து போனவர்கள். தண்ணீரைப் பீய்ச்சும் ஜெட் கிளப்பும் நுண்ணிய நீர்த்துளியை மூச்சோடு இழுத்ததே போதுமாக இருந்தது. பயமுறுத்தச் சொல்லவில்லை. கிருமிநாசினி சரியான அளவில் இருந்தால் இந்தக் கிருமி தலையெடுக்காது. ஆனால் அந்த ‘சரியான அளவு’ கண்ணுக்குத் தெரியாது, அளந்துதான் பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுவதும் நான் சொல்லப்போவது அதைத்தான்: முதலில் அளங்கள், அப்புறம் கொஞ்சமாகப் போடுங்கள், மறுபடி அளங்கள்.

தொடங்கும் முன்

உங்கள் தொட்டி எத்தனை லிட்டர் என்று தெரிந்துகொள்ளுங்கள். கையேட்டில் இருக்கும். இல்லையென்றால் நிரப்பும்போது ஒரு வாளி நிரம்ப எத்தனை நொடி, தொட்டி நிரம்ப எத்தனை நிமிடம் என்று பார்த்துக் கணக்குப் போட்டுவிடலாம். இந்த எண் இல்லாமல் எந்த மருந்தையும் போட முடியாது. மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டி வையுங்கள்.

அடுத்து, கிராம் கணக்கில் காட்டும் சின்னத் தராசு ஒன்று. ‘ஒரு மூடி அளவு’, ‘ஒரு கரண்டி’ என்றெல்லாம் டப்பாவில் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு பொடியும் ஒவ்வொரு எடை. கரண்டிக் கணக்கு ஏமாற்றும்.

அளப்பதற்கு டெஸ்ட் ஸ்ட்ரிப் (தண்ணீரில் முக்கினால் நிறம் மாறும் பட்டை) அல்லது சொட்டு மருந்து கிட். ஸ்ட்ரிப் சுலபம், சொட்டு துல்லியம். நான் தினசரிக்கு ஸ்ட்ரிப்பும், வாரம் ஒருமுறை சொட்டும் வைத்திருக்கிறேன். ஸ்ட்ரிப் டப்பாவுக்குள் ஈரக் கையை விட்டால் மொத்த டப்பாவும் வீண். கையைத் துடைத்து ஒன்றை எடுத்து, உடனே மூடிவிடுங்கள். ஜெட் வாய்க்கு எதிரே பிடிக்காமல், ஜெட்டை நிறுத்திவிட்டு முழங்கை ஆழத்தில் முக்கி எடுங்கள். உதறக் கூடாது, உதறினால் ஒரு கட்டத்தின் நிறம் அடுத்த கட்டத்துக்கு ஓடிவிடும். படுக்கை வசமாகப் பிடித்து, டப்பாவில் சொன்ன நொடி வரை எண்ணி, பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். மஞ்சள் விளக்கடியில் ஆரஞ்சும் சிவப்பும் ஒன்றாகவே தெரியும்.

நிரப்புவது

காலித் தொட்டியில் ஹோஸை ஃபில்டர் இருக்கும் குழிக்குள் விட்டு நிரப்புங்கள். உட்காரும் பக்கமாக ஊற்றினால் குழாய்க்குள் காற்று அடைத்துக்கொண்டு பம்ப் வெறுமனே உறுமும். தண்ணீர் குறித்த கோட்டுக்கு வந்த பிறகுதான் மின்சாரம். குழாய்த் தண்ணீரை நிரப்பியதும் முதலில் அதையே ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். உங்கள் தண்ணீரின் பிறவிக் குணம் என்ன என்று தெரிந்துவிட்டால் ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் வேலை பாதியாகிவிடும். கிணற்று நீர் என்றால் இரும்பு, செம்பு இருக்க வாய்ப்பு அதிகம். ஹோஸின் நுனியில் மாட்டும் வடிகட்டி ஒன்றைப் போட்டு நிரப்புவது நல்லது.

காரத்தன்மையும் பிஹெச்சும்

புதிதாக வருபவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பிஹெச் என்பது தண்ணீர் அமிலப் பக்கமா காரப் பக்கமா என்று சொல்லும் எண். ஹாட் டப்பில் 7.2 முதல் 7.8 வரை இருக்கலாம், 7.4, 7.6 வாக்கில் இருந்தால் நிம்மதி. மொத்தக் காரத்தன்மை வேறு. அது பிஹெச்சை அங்குமிங்கும் ஓடவிடாமல் பிடித்து வைக்கும் பாரம் மாதிரி. அது குறைவாக இருந்தால் ஒரு சிட்டிகை மருந்துக்கே பிஹெச் தாவிக் குதிக்கும். வழக்கமாகச் சொல்லும் அளவு 80 முதல் 120 பிபிஎம். பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நடைமுறையில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிஹெச் ஏன் முக்கியம்? குளோரினின் வீரியம் அதைப் பொறுத்தது. பிஹெச் 7.5இல் இருக்கும்போது தண்ணீரில் உள்ள குளோரினில் ஏறக்குறையப் பாதி, கிருமியைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும். 8க்குப் போனால் அது கால்வாசிக்கும் கீழே இறங்கிவிடும். ஸ்ட்ரிப் ‘குளோரின் 3’ என்றுதான் காட்டும். வேலை செய்வது அதில் கொஞ்சம்தான். மறுபக்கம் பிஹெச் 7க்குக் கீழே போனால் ஹீட்டரின் உலோகத்தை அரிக்க ஆரம்பிக்கும், கண்ணும் எரியும்.

முதலில் காரத்தன்மையைச் சரிசெய்யுங்கள், பிறகு பிஹெச்சை. குறைவாக இருந்தால் சமையல் சோடாவே போதும். ‘காரத்தன்மை உயர்த்தி’ என்று தனியாக விற்பதும் பெரும்பாலும் அதே பொருள்தான். 1000 லிட்டரில் 10 பிபிஎம் உயர்த்த சுமார் 17 கிராம்; 1500 லிட்டருக்கு 25 கிராம். தண்ணீரில் தூவி, ஜெட்டை ஓடவிட்டு, அரை மணி நேரம் கழித்து மறுபடி அளங்கள். பிஹெச் மட்டும் அதிகமென்றால் சோடியம் பைசல்ஃபேட், அதாவது உலர் அமிலம். இதை 10, 15 கிராம் என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போட வேண்டும். பிஹெச் மட்டும் குறைவு என்றால் ஜெட்டையும் காற்றுக் குமிழையும் திறந்து விடுவதே முதல் வைத்தியம். அதற்கும் மசியவில்லை என்றால்தான் சோடா சாம்பல், அதாவது சோடியம் கார்பனேட்.

காற்று எப்படி பிஹெச்சை உயர்த்தும் என்று கேட்கலாம். சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்தால் வாயு சீறிக்கொண்டு வெளியே வருகிறதல்லவா, அதேதான் இங்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுதான் பிஹெச்சைக் கீழே வைத்திருக்கிறது. ஜெட் தண்ணீரைக் கலக்கக் கலக்க அந்த வாயு வெளியேறும், பிஹெச் ஏறும். காரத்தன்மை அதிகமாக இருந்தால் வாயுவும் அதிகம். ஏற்றமும் வேகமாக இருக்கும். ‘அமிலம் போட்டுப் போட்டுப் பார்க்கிறேன், இரண்டு நாளில் பிஹெச் மறுபடி 8க்கு வந்து நிற்கிறது’ என்று புலம்புகிறவர்களின் தொட்டியில் காரத்தன்மையை அளந்தால் பெரும்பாலும் 120, 150 என்று இருக்கும். அவர்கள் செய்ய வேண்டியது இதுதான்: அமிலம் போட்டு பிஹெச்சை 7.2க்கு இறக்குங்கள். மூடியைத் திறந்து வைத்து, காற்று வால்வுகளை முழுவதும் திறந்து ஜெட்டை ஓடவிடுங்கள். ஒன்றும் போடாமலேயே பிஹெச் 7.6க்கு ஏறும், ஆனால் காரத்தன்மை ஏறாது. மறுபடி அமிலம், மறுபடி காற்று. இரண்டு மூன்று சுற்றில் காரத்தன்மை கீழே வந்துவிடும். அதன்பின் பிஹெச் தானாக ஓரிடத்தில் உட்காரும். என் தொட்டியில் 60, 70 பிபிஎம்மில்தான் அது அமைதியானது. டப்பாவில் அச்சடித்த 80ஐப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை. பிஹெச் அசையாமல் நிற்கிறதா என்பதுதான் கணக்கு.

கால்சியம் கடினத்தன்மை பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 150 முதல் 250 பிபிஎம் வரை இருந்தால் சரி. குறைந்தால் நுரை கட்டும்; மிகுந்தால் ஹீட்டரில் வெள்ளையாகப் படியும். உயர்த்த கால்சியம் குளோரைடு. அதைக் கரைக்கும்போது வாளி சூடாகும், திடுக்கிட வேண்டாம். குறைக்க மருந்து கிடையாது, கொஞ்சம் தண்ணீரை இறக்கிவிட்டு மென்னீர் சேர்க்க வேண்டியதுதான்.

கிருமிநாசினி: எது, எவ்வளவு

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி ஹாட் டப்புக்குச் சொல்லும் அளவு: குளோரின் என்றால் குறைந்தது 3 பிபிஎம், புரோமின் என்றால் குறைந்தது 4. நீச்சல் குளத்தைவிடக் கூடுதல்தான். சூட்டில் இரண்டும் சீக்கிரம் கரைந்துபோகும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள்.

புரோமின் மாத்திரையாக வரும், மிதவையில் போட்டால் மெதுவாகக் கரையும். வாசனை குறைவு. பிஹெச் சற்று ஏறினாலும் குளோரின் அளவுக்கு வீரியம் இழக்காது. தினமும் கவனிக்க முடியாதவர்களுக்கு இது தோது. ஆனால் குளித்துவிட்டு வந்தபிறகும் தோலில் ஒட்டிக்கொண்டு வரும் வாசனை சிலருக்குப் பிடிப்பதில்லை.

குளோரினில் மூன்று வகை கண்ணில் படும். நீச்சல் குள மாத்திரை டிரைகுளோர். ஹாட் டப் பக்கமே கொண்டுவராதீர்கள். கடும் அமிலத்தன்மை கொண்டது. மிதவை ஒரு மூலையில் ஒதுங்கி நின்றால் அந்த இடத்துப் பரப்பையே அரித்துவிடும். ஹாட் டப்புக்கென்று விற்கும் பொடி டைகுளோர். சட்டென்று கரையும், பிஹெச்சையும் பெரிதாக அசைக்காது. 1500 லிட்டரில் 3 பிபிஎம் உயர்த்த சுமார் 8 கிராம். மூன்றாவது, திரவக் குளோரின்: சோடியம் ஹைப்போகுளோரைட். 5 சதவீதக் கரைசல் என்றால் அதே உயர்வுக்கு சுமார் 90 மில்லி. வாசனையோ நுரையோ கலக்காததாக இருக்க வேண்டும்.

டைகுளோரில் ஒரு மறைமுகச் செலவு உண்டு. ஒவ்வொரு 1 பிபிஎம் குளோரினோடும் 0.9 பிபிஎம் சயனூரிக் அமிலம் தண்ணீரில் சேரும். குளோரின் செலவாகிவிடும், இது செலவாகாது. தினம் 4 பிபிஎம் போட்டால் ஒரு மாதத்தில் நூறைத் தாண்டும். அது குளோரினைக் கட்டிப்போட்டு, கொல்லும் வேகத்தைக் குறைக்கும். அளவு சரியாகக் காட்டும், ஆனால் கிருமி சாவதற்கு ரொம்ப நேரமாகும். சிடிசி ஹாட் டப்பில் சயனூரிக் அமிலமே வேண்டாம் என்கிறது. வீட்டில் தொட்டி வைத்திருக்கும் பலர், புதுத் தண்ணீருக்கு முதல் ஒரு வாரம் டைகுளோர் போட்டு, சயனூரிக் அமிலம் 30ஐத் தொடும் முன் திரவக் குளோரினுக்கு மாறிவிடுகிறார்கள். முதலிலிருந்தே திரவம் போட்டாலும் குற்றமில்லை. ஆனால் அது வேகமாகத் தீர்ந்துபோகும், தினமும் கவனிக்க வேண்டும்.

கிருமியைக் கொல்ல ஓசோன், யுவி (புற ஊதா) விளக்கு இருக்கிறதே என்பீர்கள். அவை உதவும், ஆனால் தண்ணீரில் தங்கிக் காவல் காக்காது. இருந்தாலும் குளோரின் வேண்டும்.

இங்கே என் கதை ஒன்று. தொட்டி வாங்கிய புதிதில் ஒருநாள் சொட்டு கிட்டில் அளந்தேன். குளோரின் இருந்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாற வேண்டும், மாறவில்லை. பூஜ்யம் என்று நினைத்து 10 கிராம் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்தும் நிறமில்லை. இன்னும் 10. மூன்றாவது முறை சொட்டு விட்டபோதுதான் கவனித்தேன்: சொட்டு விழுந்த இடத்தில் ஒரு கணம் சிவப்பு மின்னி, உடனே மறைந்தது. குளோரின் இல்லாமல் இல்லை. சாயத்தையே வெளுக்கும் அளவுக்கு மிதமிஞ்சி இருந்திருக்கிறது. மிதந்துகொண்டிருந்த நீலத் தலையணையின் ஒரு பக்கம் அதற்குள் சாம்பல் நிறமாகிவிட்டது. அதிலிருந்து பூஜ்யம் காட்டினால் முதலில் நம்புவதில்லை. தொட்டித் தண்ணீர் ஒரு பங்கு, சாதாரணத் தண்ணீர் நான்கு பங்கு கலந்து மறுபடி அளப்பேன். வந்த எண்ணை ஐந்தால் பெருக்குவேன். மிதமிஞ்சிப் போனால் மூடியைத் திறந்துவைத்துக் காத்திருங்கள். 10 பிபிஎம்முக்கு மேல் இருக்கும்போது யாரும் இறங்கக் கூடாது.

அன்றாடம்

இறங்கும் முன் உடம்பை நன்றாகக் கழுவிக்கொண்டு வரச் சொல்லுங்கள். விருந்தாளியிடம் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் எந்த மருந்தும் இதற்கு ஈடில்லை. நீச்சல் உடையைச் சோப்பில் துவைத்தால் நுரையே வராத வரை அலசுங்கள். நுரைத் தொல்லையின் ஊற்றுக்கண் அதுதான். வெப்பநிலை 40 டிகிரிக்கு மேல் வேண்டாம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை இறக்க வேண்டாம். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுவிட்டு இறங்கட்டும்.

இறங்கும் முன் ஒரு ஸ்ட்ரிப். எழுந்து வந்ததும் குளோரின் போட்டு, மூடியைத் திறந்தபடியே 15, 20 நிமிடம் ஜெட்டை ஓடவிடுங்கள். உடனே மூடினால் ஆவி மேலே தேங்கி மூடியின் உள்பக்கத்தைத் தின்றுவிடும். எவ்வளவு போடுவது என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்தது. மறுநாள் காலை அளந்து பாருங்கள். 1, 2 பிபிஎம் மிஞ்சியிருந்தால் நேற்றுப் போட்டது சரி. இறங்கும் முன் 3க்கு ஏற்றிக்கொள்ளலாம். பூஜ்யம் என்றால் அடுத்த முறை கூட்டுங்கள். இரண்டு வாரம் எழுதி வைத்தால் உங்கள் வீட்டுக் கணக்கு பிடிபட்டுவிடும்.

மூக்கைத் துளைக்கும் ‘குளோரின் வாசனை’ வந்தால் குளோரின் அதிகம் என்று அர்த்தமல்ல, பெரும்பாலும் போதவில்லை என்று அர்த்தம். வியர்வை, சிறுநீரோடு சேர்ந்து பாதி வேலையில் நின்றுபோன குளோரின் அது, குளோரமைன் என்பார்கள். வாரம் ஒருமுறை குளோரினை 10 பிபிஎம் வாக்கில் ஏற்றி, மூடியைத் திறந்து ஓடவிட்டால் போய்விடும். இதற்குத்தான் ‘ஷாக்’ என்று பெயர். குளோரின் இல்லாத ஷாக் பொடியும் உண்டு. அழுக்கை எரிக்கும், ஆனால் தனியாகக் கிருமியைக் கொல்லும் என்று நம்பக் கூடாது.

மருந்து கையாளும்போது

ஒரு மருந்துக்கு ஒரு கரண்டி. குளோரின் பொடியில் அமிலக் கரண்டி பட்டால் நச்சு வாயு வரும். இரண்டு மருந்தை ஒன்றாகக் கலக்கவே கூடாது. ஒன்றைப் போட்டு, சுற்றவிட்டு, அப்புறம் அடுத்தது. மருந்தைத் தண்ணீரில் போட வேண்டும், மருந்து டப்பாவில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஒரு வகை குளோரின் இருந்த மிதவையில் இன்னொரு வகையையோ புரோமினையோ போடாதீர்கள். வெடித்த கதைகள் உண்டு.

ஃபில்டர்

வாரம் ஒருமுறை கழற்றி ஹோஸால் மடிப்பு மடிப்பாக அலசுங்கள். வேகமாகப் பீய்ச்சும் இயந்திரம் வேண்டாம், மடிப்பு கிழியும். மாதம் ஒருமுறை ஃபில்டர் கிளீனரில் ஓர் இரவு ஊற வைத்து நன்றாக அலச வேண்டும். சுண்ணாம்புப் படிவு தெரிந்தாலும் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்த பிறகுதான் அமிலத்தில் நனைக்க வேண்டும். முதலிலேயே அமிலம் பட்டால் பிசுக்கு இறுகிவிடும். இரண்டு ஃபில்டர் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுவது சுகம்.

தண்ணீர் கலங்கினால் தெளிவூட்டும் மருந்தைத் தேடுவதற்கு முன் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், குளோரினையும் பிஹெச்சையும் அளங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு இங்கேயே முடிந்துவிடும். தண்ணீர் தெளிவாக, ஆனால் பச்சையாக இருந்தால் பாசி இல்லை, செம்பு. நுரையடக்கி நுரையை அமுக்கும், சோப்பை எடுக்காது. குளித்த ஒன்றிரண்டு நாளில் நீச்சல் உடை மூடிய இடத்தில் அரிப்போடு சிவந்த பருக்கள் வந்தால் சூடோமோனாஸ் கிருமியாக இருக்கலாம். தொட்டியை நிறுத்திவிட்டு குளோரின் கணக்கைத் திரும்பிப் பாருங்கள்.

தண்ணீர் மாற்றுவது

எவ்வளவு கவனித்தாலும் தண்ணீருக்கு வயது உண்டு. மொத்த லிட்டரை 11ஆல் வகுத்து, தினம் சராசரியாக இறங்கும் ஆட்களால் மறுபடி வகுத்தால் எத்தனை நாளில் மாற்றுவது என்று வரும். 1500 லிட்டர், தினம் இருவர் என்றால் சுமார் 68 நாள். ஆளே இறங்கவில்லை என்றாலும் நான்கு மாதத்தைத் தாண்டவிட வேண்டாம்.

இறக்குவதற்கு முந்தைய நாள் குழாய் சுத்தம் செய்யும் மருந்தைப் போட்டு ஜெட்டை ஓடவிடுங்கள். குழாயின் உள்சுவரில் வழுவழுப்பாகப் படிந்திருக்கும் கிருமிப் படலத்தைக் குளோரின் முழுதாகத் தொடாது. இந்த மருந்து உரித்தெடுக்கும். முதல் தடவை செய்பவர்கள் மேலே மிதந்து வரும் பழுப்பு நுரையைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். அதில்தான் இத்தனை நாள் உட்கார்ந்திருந்தோம் என்று நினைத்தால் சங்கடமாகத்தான் இருக்கும். பிறகு மின்சாரத்தை அணைத்து, அணைத்துவிட்டதை இன்னொரு முறை உறுதிசெய்து, தண்ணீரை இறக்குங்கள். குளோரினோடு செடிகள் பக்கம் விட வேண்டாம். ஓரத்துக் கறையைச் சோப்பில்லாத ஈரத்துணியால் துடைத்து, ஹோஸை மறுபடி ஃபில்டர் குழிக்குள் விட்டு நிரப்ப ஆரம்பிக்கலாம். முதல் ஸ்ட்ரிப்பைக் கோடு வரை நிரம்பியதும் முக்குங்கள்.